திமில் கறுப்பாகும் வரை: ஒரு பழைய லென்ஸ், நூல் கோன், கொஞ்சம் ஃப்ளாக் ஷீட்

எங்கள் தோட்டம் காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தோட்டம் என்று பேர்தான், பாதிக்கு மேல் கொறங்காடு, அதாவது மாடு மேய்கிற புல்வெளி. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. அப்பாரு, அதாவது தாத்தா, அங்கே ஒரு காளை வைத்திருக்கிறார். பொழுது சாய்கிற நேரத்தில் அது மேற்குப் பக்கத்துப் படலைத் தாண்டி வரும்போது பின்னால் வெயில் இருக்கும், முதுகோரத்து மயிரெல்லாம் ஜரிகை மாதிரி மின்னும், காலடியில் புழுதி எழும். அந்த ஒரு படத்துக்காகத்தான் மூன்று மாசம் இந்தக் கூத்து.

முதல் நாள் எடுத்ததை அப்பாருவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சித்த நேரம் உற்றுப் பார்த்தார். “என்ன கண்ணு, மார்கழிப் பனியாட்ட இருக்குது? நம்ம காளைக்குத் திமிலு இப்படியா வெளுத்துக் கெடக்குது?”

அவர் கேட்டது நியாயம்தான். காயடிக்காத காங்கேயம் காளைக்கு உடம்பு சாம்பல் வெள்ளையாக இருந்தாலும் திமிலும் கழுத்தும் கறுத்துக் கிடக்கும், அதுதான் அதற்கு அழகே. என் படத்தில் திமில் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. படம் முழுக்க மோரைத் தெளித்த மாதிரி ஒரு வெளுப்பு, அதன் மேல் சூரியன் இருக்கும் மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சரமாகப் பச்சை, ஊதா அறுகோணங்கள்.

லென்ஸ் பழசு. திருப்பூரில் ஒரு ஸ்டுடியோவை மூடும்போது 2,500 ரூபாய்க்கு வாங்கிய 50 மி.மீ., எஃப் 1.8 (எஃப் எண் சிறுத்தால் ஒளி நுழையும் துவாரம் பெரிது), எம்42 என்கிற பழைய திருகு மரை போட்டது. ஏபிஎஸ்-சி (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சின்ன சென்சார்) மிரர்லெஸ் கேமராவில் ஒரு மலிவு அடாப்டர், அதாவது இரண்டையும் இணைக்கிற குழாய், வைத்து மாட்டியிருக்கிறேன். எது எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், குறை அவர்கள் மேல் மட்டும் இல்லை என்று போகப் போகத் தெரியும்.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பழைய லென்ஸ், கோட்டிங் (எதிரொளியைக் குறைக்கக் கண்ணாடி மேல் போடும் மெல்லிய படலம்) பத்தாது. நானும் நம்பினேன், கணக்கும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. கோட்டிங் இல்லாத சாதாரணக் கண்ணாடியில் ஒளி நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். என் லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் 8. கோட்டிங்கே இல்லையென்றால் 72 சதவீத ஒளிதான் மறுபக்கம் போய்ச் சேரும், மீதி முன்பக்கமாகத் திரும்பிப் போகும் அல்லது உள்ளுக்குள்ளேயே அலையும். ஒரு பரப்பில் பட்டுத் திரும்பியது இன்னொன்றில் பட்டு மறுபடி சென்சார் பக்கம் வந்தால் அதுதான் கோஸ்ட். 8 பரப்பில் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 28 ஜோடி, அதாவது 28 கோஸ்டுக்கு வழி இருக்கிறது. இந்த லென்ஸில் இருப்பதுபோல ஓரடுக்கு கோட்டிங் போட்டால் பரப்புக்கு ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும், பல அடுக்கு என்றால் அரை சதவீதத்துக்கும் கீழே.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. லென்ஸின் முன்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாக ஒரு மினுக்கம் தெரியும். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் அதை அழுக்கு என்று நினைத்து, பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார். நல்லவேளையாக ஸ்டுடியோ அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். “ஏந் தம்பி, இருக்கிற ஒரு கோட்டிங்கையும் தேய்ச்சு எடுக்கப் போறீங்களா?” என்று திட்டினார். அந்த ஊதா மினுக்கம்தான் கோட்டிங். இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்பவர் 1892இலேயே கவனித்த விஷயம் இது. பழசாகி மேலே நிறம் மங்கிப்போன லென்ஸ், புதுசைவிட அதிக ஒளியை விட்டது. பிறகு 1935இல் ஜெர்மனியில் ஸ்மாகுலா அதையே வேண்டுமென்றே செய்தார், வெற்றிடத்தில் வைத்து மெல்லிய படலமாகப் படிய விட்டு. ஆக மினுக்கத்தைக் கண்டால் தேய்க்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு சோதனை முறை வேண்டியிருந்தது. காளையை நிற்க வைத்துத் தினமும் ஒப்பிட முடியாது, அது நிற்காது. சூரியனும் நிற்காது, 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்ந்துவிடும். அதனால் எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு நூல் அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, உள்ளே முழுக்கக் கறுப்புத் துணி ஒட்டி, ஒரு பக்கம் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓட்டை போட்டேன். ஓட்டைக்குள் போன வெளிச்சம் திரும்பி வராது, அதனால் அந்த ஓட்டையைவிடக் கறுப்பு ஊருக்குள் கிடையாது. பெட்டியைக் களத்துத் திண்ணையில் வைத்து, சூரியன் சட்டகத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி முக்காலியை அமைத்து, கையால் எக்ஸ்போஷர் வைத்து ஒரே அளவில் எடுக்க வேண்டியது. படத்தில் அந்த ஓட்டையின் மதிப்பு 0 முதல் 255 வரையிலான அளவில் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டியது. எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவும் வராத இடத்துக்கு வந்த வெளிச்சம்.

முதல் அளவு 58. திமில் சாம்பலாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

முன்னால் மாட்டியிருந்த யூவி ஃபில்டரைக் கழற்றினேன், 54. பெரிய மாற்றம் இல்லை, ஆனால் வேறொன்று காணாமல் போனது. சூரியனைச் சட்டகத்துக்குள் வைத்தால் படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே, சூரியன் இருக்கும் அதே தூரத்தில், சின்னதாகக் கூர்மையாக ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது. சென்சார் பளபளப்பானது, அதில் பட்ட ஒளி லென்ஸ் வழியாகத் திரும்பிப் போய்த் தட்டையான ஃபில்டர் கண்ணாடியில் மோதித் தலைகீழாக வந்து விழுவதால் வருவது அது. ராத்திரியில் தேர் விளக்கு, கடை விளக்கு எடுக்கும்போது வானத்தில் விளக்குகள் தலைகீழாகத் தொங்குமே, அதுவும் இதே கதைதான். வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்தது ஹூட், லென்ஸுக்கு முன்னால் வெயிலை மறைக்க மாட்டுவது. கடையில் 49 மி.மீ. ரப்பர் ஹூட் கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. ஆனால் மேசைக்கு அடியில் காலி நூல் கோன் குவிந்து கிடக்கிறவனுக்குக் காசு கொடுத்து ஹூட் வாங்க மனசு வரவில்லை. கெட்டி அட்டையில் கூம்பாகச் செய்தது, ஒரு சொட்டு மழைக்கெல்லாம் ஒன்றும் ஆகாது. அகலமான பக்கத்தில் உள்விட்டம் நான் அளந்ததில் 60 மி.மீ.

எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதற்குத்தான் கணக்கு. என் சென்சாரின் மூலையிலிருந்து நடு வரைக்கும் சுமார் 14 மி.மீ. லென்ஸ் 50 மி.மீ. ஆக மூலைக்குப் போகும் ஒளி நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் 2.8 மி.மீ. விலகி வரும். முன்கண்ணாடியின் ஆரம் 18, கோனின் ஆரம் 30. நடுவில் இருக்கும் இடைவெளி 12 மி.மீ. 12ஐ 0.28ஆல் வகுத்தால் 43. அதற்கு மேல் நீளம் போனால் மூலை இருட்டடிக்கும். 40 மி.மீ. என்று பென்சிலால் கோடு போட்டு, வெட்டுக் கத்தியால் சுற்றிச் சுற்றி அறுத்தேன், ஒரே வெட்டில் போகாது, பொறுமையாக ஆறேழு சுற்று. கண்ணாடி உடைந்த ஒரு பழைய ஃபில்டரின் வளையத்தைக் குறுகிய பக்கத்தில் வைத்து, இடைவெளிக்குத் துணி சுற்றி, பசை போட்டு ஒட்டியாயிற்று. கடை ஹூட் மாதிரி இதழ் இதழாக வெட்டலாமே என்று தோன்றும். படம் நீள்சதுரம் என்பதால் அந்த வடிவம் சரிதான், ஆனால் என் லென்ஸில் ஃபோகஸ் திருப்பினால் முன்வளையமும் சேர்ந்து சுற்றும், இதழ் கோணலாகிவிடும். வட்டமே போதும்.

மாட்டி எடுத்தேன். 47. சே, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

ஆனால் கையை நீட்டி லென்ஸுக்கு நேரே நிழல் விழ வைத்து எடுத்தால் மட்டும் 20க்குக் கீழே வந்தது. கை செய்வதை ஹூட் ஏன் செய்யவில்லை? பேப்பரில் வரைந்து பார்த்தபோதுதான் உறைத்தது. 40 மி.மீ. ஹூட்டின் விளிம்பு, முன்கண்ணாடியின் ஓரத்தில் நிழல் போட ஆரம்பிப்பதற்கே சூரியன் நடுக்கோட்டிலிருந்து 17 டிகிரி விலகியிருக்க வேண்டும். கண்ணாடி முழுவதும் நிழலுக்குள் வர 50 டிகிரி. என் சட்டகத்தின் மேல் விளிம்போ 9 டிகிரியில் முடிகிறது. ஆக 9க்கும் 17க்கும் நடுவில் சூரியன் இருந்தால் ஹூட் இருந்தும் இல்லாத மாதிரிதான். சாயங்காலப் படத்தில் சூரியன் வந்து உட்காருகிற இடமே அந்த இடைவெளிதான். கை இரண்டடி தள்ளி இருப்பதால் அதன் நிழலைச் சட்டகத்தை ஒட்டியே கொண்டுவர முடிகிறது. அன்றிலிருந்து தோளில் ஒரு துண்டு இல்லாமல் நான் படம் எடுக்கப் போவதில்லை, யாராவது பக்கத்தில் இருந்தால் துண்டை விரித்துப் பிடிக்கச் சொல்லிவிடுவேன்.

அப்புறமும் மனசு ஆறவில்லை. 9 டிகிரிக்கு வெளியே இருக்கும் சூரியன் படத்தில் இல்லை. பிறகு அதன் வெளிச்சம் எங்கே போய் விழுகிறது, எப்படி சென்சாருக்கு வருகிறது?

இதைக் கண்டுபிடித்த விதம்தான் இந்தப் பதிவு முழுவதிலும் உருப்படியான விஷயம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸை அடாப்டரோடு சேர்த்துக் கழற்றி, பின்பக்கமாக, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். முன்னால் நாலடி தள்ளி மேலாகச் செல்போன் டார்ச். சூரியனை வைத்து இதைச் செய்யவே கூடாது, கண் போய்விடும், டார்ச்தான். டார்ச்சை நேரே வைத்தபோது லென்ஸின் பின்கண்ணாடி மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது, அது சரி. டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கியதும் கண்ணாடி இருண்டது, ஆனால் அடாப்டர் குழாயின் கீழ்ச்சுவரில் பிறை நிலா மாதிரி ஒரு வெள்ளை வளைவு பளீரென்று எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, கண் கூசியது.

குற்றவாளி கண்ணாடியே இல்லை, குழாய். மூன்று மாசத்தில் இரண்டு மாசம் தப்பான இடத்தைத் தேடியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். இந்த லென்ஸ் 35 மி.மீ. ஃபிலிமுக்குச் செய்தது. அது போடும் பிம்ப வட்டம் 43 மி.மீ.க்குக் குறையாது. என் சென்சார் 23.5க்கு 15.6. வட்டத்தில் பாதிக்கு மேல் சென்சாருக்கு வெளியே விழுகிறது, அந்த இடத்தில் இருப்பது அடாப்டரின் சுவரும் கேமராவின் வாயும். சூரியன் சட்டகத்துக்கு மேலே இருந்தால், பிம்பம் தலைகீழ் என்பதால், சூரியனின் உருவம் சென்சாருக்குக் கீழே குழாய்ச் சுவரில் போய் விழுகிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுடுவோமே, கிட்டத்தட்ட அதே வெளிச்சம். எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் 45.46 மி.மீ. இருக்க வேண்டும், என் கேமராவில் 18தான், அந்த வித்தியாசத்தை நிரப்ப அடாப்டர் 27 மி.மீ. சொச்சத்துக்கு நீளக் குழாயாக இருக்கிறது. உள்சுவர் கறுப்புதான், ஆனால் வழவழ கறுப்பு. புது பைக்கின் பெட்ரோல் டேங்க் கூடக் கறுப்பாகத்தான் இருக்கும், அதில் முகம் பார்க்கலாம்.

மேட் பிளாக் ஸ்ப்ரே வாங்கி வந்து, இரண்டு முனைகளையும் டேப் போட்டு மறைத்து, மூன்று கோட் அடித்தேன். காய்ந்த பிறகு நேரே பார்த்தால் கரியாட்டம் அருமையாக இருந்தது. சோதனையில் 43. வெறும் 4 குறைந்திருக்கிறது! மறுபடி இருட்டறை, மறுபடி டார்ச். பிறை அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல். மேட் பெயிண்டின் சூது இங்கேதான். நேரே விழும் ஒளியை விழுங்கும், சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வரும் ஒளியைக் கண்ணாடி மாதிரி வழுக்கி விட்டுவிடும். தார் ரோடு பக்கத்தில் கறுப்பு, தூரத்தில் வெயிலுக்கு எதிரே பார்த்தால் வெள்ளிப் பாளமாக மின்னுவது மாதிரி. குழாய்க்குள் வரும் ஒளி முழுக்க உரசி வருகிற ரகம்தான்.

சுவரில் பொடிப் பொடியாக மரை வெட்டிவிட்டால் அந்தப் பள்ளங்களில் ஒளி மாட்டிக்கொள்ளும் என்று தெரியும், நல்ல லென்ஸ்களின் உள்ளே அப்படித்தான் வரி வரியாக இருக்கும். கோயம்புத்தூர் போன வேலையோடு அங்கே கணபதி பகுதியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணா வெர்னியரை வைத்துப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, செவுரே ஒன்றரை மில்லிதான் இருக்குது. மரை போட்டா பொத்துக்கும்.”

“அப்ப என்னங்ணா பண்றது?”

“துணிய ஒட்டுங்க. திருப்பூர்ல இருந்துக்கிட்டுத் துணிக்கு என்னையக் கேக்கறீங்க!”

வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் டி-ஷர்ட்டில் வெல்வெட் மாதிரி தடவத் தடவ இதமாக எழுத்து இருக்குமே, அது ஃப்ளாக் பிரிண்டிங். பொடிப் பொடியாக நறுக்கிய நூல் துகளை மின்னூட்டம் கொடுத்துப் பசை மேல் செங்குத்தாக நிற்க வைப்பது. ஒவ்வொரு துகளும் நட்டுவைத்த நாற்று மாதிரி நிற்பதால் உரசி வரும் ஒளி வழுக்குவதற்கு வழவழப்பான தரையே கிடையாது, துகளுக்கு நடுவில் புகுந்து அங்கேயே முட்டி மோதித் தீர்ந்துவிடும். இதையே ஷீட்டாகவும் தயாரிக்கிறார்கள். பிரிண்டிங் யூனிட்டில் கேட்டதும் கறுப்பில் ஒரு கைக்குட்டை அளவு துண்டு வெட்டித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. கிடைக்காதவர்கள் திருப்பூர் காதர்பேட்டையில் கறுப்பு வெல்வெட் பிட் பார்க்கலாம், ஆனால் அது கனம் அதிகம், ஓரம் பிரியும்.

ஷீட்டின் பின்பக்கப் பசை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் உருகி ஒட்டுகிற ரகம். குழாய்க்குள் இஸ்திரி போட முடியாது, அதனால் மெல்லிய இரட்டைப் பக்க டேப். உள்விட்டம் 42, சுற்றளவு 132 மி.மீ. முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருக்க 131 நீளம், 20 அகலம் வெட்டினேன். இரண்டு பக்கமும் மரையும் மவுண்டும் வருகிற இடத்தை விட்டுவிட வேண்டும். டேப்பின் மேல் காகிதத்தை முழுதாக உரிக்காமல், முதல் ஒரு விரல்கடை மட்டும் உரித்து ஒட்டி, ஐஸ் குச்சியால் அழுத்திக்கொண்டே மீதியை இழுத்து இழுத்து உரித்தால் சுருக்கம் இல்லாமல் உட்காருகிறது. இரண்டாவது முயற்சியில் வந்தது. முதல் துண்டு பாதியில் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போனது.

19.

43இலிருந்து 19. திண்ணையில் உட்கார்ந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. நூல் கோனின் உள்பக்கத்திலும் மிச்சத் துண்டை ஒட்டினேன், அதில் அளவு ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். எஃப் 16இல் வானத்தை எடுத்தால் படம் முழுக்கப் பூச்சி பறக்கிற மாதிரி கறுப்புக் கீற்றுகள். வெட்டின ஓரத்திலிருந்து ஃப்ளாக் துகள் உதிர்ந்து சென்சாரில் போய் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, காய்ந்த துகள், ஊதுபந்தால் நாலு ஊது ஊதியதும் போய்விட்டது. இதைச் செய்கிறவர்கள் என்னை மாதிரி முட்டாள்தனம் பண்ணாமல், ஒட்டுவதற்கு முன்பே பேக்கிங் டேப்பை ஷீட் மேல் ஒட்டி ஒட்டி உரித்துத் தளர்ந்த துகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், வெட்டின ஓரங்களில் தீக்குச்சி முனையால் மெலிசாகப் பசை தடவிவிடுங்கள். அதன் பிறகு ஒரு துகள்கூட உதிரவில்லை.

மறுபடி இருட்டறை. பிறை போய்விட்டது. ஆனால் அடாப்டரின் பின்விளிம்பில், கேமராவுக்குள் நுழைகிற இடத்தில், மெல்லியதாக ஒரு கோடு. அதற்கு ஒரு மறைப்பு அட்டை வைக்கலாம் என்று, கறுப்புக் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் நீள்சதுர ஓட்டை போட்டேன். சென்சார் அளவுக்கே 24க்கு 16. அறிவாளி மாதிரிதான் இருந்தது அப்போது. எஃப் 1.8இல் எடுத்தால் ஓரமெல்லாம் இருட்டு, பின்னணியில் வட்டமாக வர வேண்டிய வெளிச்சப் பொட்டுகள் மேலும் கீழும் சீவின இட்லி மாதிரி இருந்தன. அட்டை இருப்பது சென்சாருக்கு 22 மி.மீ. முன்னால். லென்ஸின் அகலமான பின்பக்கத்திலிருந்து குவிந்துகொண்டே வரும் ஒளி அந்த இடத்தில் இன்னும் சென்சார் அளவுக்குக் குறுகியிருக்காது. வரைந்து பார்த்ததில் 26க்கு 21 வேண்டும் என்று வந்தது. பக்கத்துக்கு ஒரு மி.மீ. தாராளம் விட்டு 28க்கு 23 வெட்டி, முன்பக்கம் ஃப்ளாக் ஒட்டி, டேப்பால் நிறுத்தினேன். மிரர் இருக்கும் டிஎஸ்எல்ஆரில் இந்த வேலை வேண்டாம், கண்ணாடி எழும்பும்போது அட்டையில் அடிக்கும்.

14. இதற்கு மேல் என்னால் குறைக்க முடியவில்லை, மீதி கண்ணாடியின் பங்கு. லென்ஸின் பின் தொகுதியில் மெல்லிய படலமாக ஒரு மங்கல் இருக்கிறது, டார்ச் அடித்தால் தெரியும். அதைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டு, வளையம் அசையவே இல்லை என்றதும் மரியாதையாக வைத்துவிட்டேன். ஸ்பேனர் வழுக்கிக் கண்ணாடியில் கோடு போட்ட லென்ஸ்களை ஸ்டுடியோ அண்ணா ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார்.

கோஸ்ட் மட்டும் பாக்கி. அறுகோணம் என்பது வேறு ஒன்றுமில்லை, ஆறு தகடு உள்ள அபெர்ச்சரின், அதாவது லென்ஸுக்குள் ஒளியை விடும் துவாரத்தின் உருவம். முழுதாகத் திறந்தால் வட்டமாக, மங்கலாகப் பரவிவிடும். மூட மூடச் சிறுத்துக் கூர்மையாகும். எஃப் 16 வரைக்கும் மூடிச் சூரியனை ஆறு முனை நட்சத்திரமாக எடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். நட்சத்திரம் வந்தது, கூடவே அதைச் சுற்றிச் சிவப்புப் பொட்டுகள் கட்டம் கட்டமாக வரிசையில். அது சென்சாருக்கும் லென்ஸுக்கும் நடுவில் நடக்கும் எதிரொளி, ஃப்ளாக்குக்கு அங்கே வேலை இல்லை. எஃப் 5.6க்கு வந்துவிட்டேன். 28 ஜோடியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுதான் நிற்கிறது, பச்சையாக ஒன்று. சூரியனும் படத்தின் நடுவும் அதுவும் ஒரே கோட்டில் இருக்கும் என்பதால், கேமராவை அரை விரல் அசைத்தால் அதை வேண்டிய இடத்துக்குத் தள்ளலாம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆறு மணி வாக்கில் சூரியன் வெள்வேல மரத்துக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. காளை படலைத் தாண்டி வந்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, தண்ணித் தொட்டிப் பக்கம் திரும்பியது. நாலு படம் எடுத்தேன். மூன்றில் சூரியன் சட்டகத்துக்கு மேலே, ஒன்றில் உள்ளேயே. எல்லாவற்றிலும் திமில் கறுப்பு. வாயோரத்து நுரை, கழுத்து மணிக்கயிறு எல்லாம் பிரிந்து தெரிகிறது.

அப்பாருவிடம் காட்டினேன். பெரிதாக்கி, நகர்த்தி, திமிலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். அப்புறம் கீழே புல்லுக்குள் விரலை வைத்தார்.

“இந்தப் பச்சைப் பொட்டு என்ன கண்ணு?”

“அது கண்ணாடிலருந்து வர்றதுங்க அப்பாரு, எடுக்க முடியாதுங்க.”

“புல்லாட்டவேதான் இருக்குது, இருந்துட்டுப் போகுது” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தீவனம் போட எழுந்து போனார்.